கம்ப்யூட்டருக்குத் தெரியாத டிஸ்க்குகள்

கம்ப்யூட்டர் ரிப்பேர் தொழிலில், ஃபோனை எடுத்ததும் "ஹலோ"வுக்கு முன்னால் வருகிற வாக்கியம் ஒன்று உண்டு: "ஹார்டு டிஸ்க்கைச் சொருகினேன், காட்டவே மாட்டேங்குது." விழுப்புரத்தில் கடை, வாரத்தில் இரண்டு நாள் திண்டிவனம் என்று ஓடுகிற நான் இதைக் கேட்காத நாள் குறைவு. பத்திரமாக நகலெடுத்து வைத்த டிஸ்க்கையே காணோம் என்று கம்ப்யூட்டர் சொல்ல, வயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகிப் பார்த்த உங்களுக்காகத்தான் இது.

மல்லாட்டைச் செடி

திண்டிவனத்தில் செல்வி என்றொரு ஆராய்ச்சி மாணவி. மல்லாட்டைச் செடிக்கு, அதாவது வேர்க்கடலைக்கு, வருகிற நோயைப் பற்றி நான்கு வருஷம் வயல் வயலாக அலைந்து எழுதியதெல்லாம் லேப்டாப்பில் இருந்தது. அதன்மேல் டீ கொட்டி அது செத்துப்போனது. மிச்சம், நகல் வைத்த டிஸ்க் ஒன்றுதான். அதை அண்ணனின் ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் சொருகினால் விளக்கு எரிகிறது, 'டிக் டிக்' என்கிறது, திரையில் மட்டும் வரவில்லை.

நான் போய்ப் பார்த்தேன். வயரை முன்பக்கத்தில் சொருகியிருந்தாள். சில பழைய கம்ப்யூட்டர்களில் முன்பக்கம் டிஸ்க் ஓடுகிற அளவுக்குக் கரண்ட் வராது. பிடுங்கிப் பின்பக்கம் சொருகினேன். சத்தம் நின்றது, திரையில் டிஸ்க் வந்தது. செல்வி மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். நிமிர்ந்ததும் அம்மாவுக்கு ஃபோன் போட்டாள்.

"நாலு வருஷமும் அப்படியே இருக்குதும்மா. சோறு போட்டு வை, வர்றேன்."

பக்கத்து சீட்டு

விழுப்புரத்தில் ஒரு வக்கீல் ஆபீஸ். மறுநாள் வாதாட வேண்டிய நிலத் தகராறு வழக்கின் பத்திர நகலெல்லாம் டிஸ்க்கில் இருந்தது. டிஸ்க் காட்டவில்லை. குமாஸ்தா ஏழுமலை வேர்த்து விறுவிறுத்து நின்றார். நானும் ஒரு மணி நேரம் திரையையே நோண்டிவிட்டு, முதலிலேயே செய்திருக்க வேண்டியதைக் கடைசியில் செய்தேன்: புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மேஜைக்கு அடியில் தவழ்ந்து, வயர் எங்கே போகிறது என்று பார்த்தேன். அது பக்கத்து மேஜையில் ஜூனியர் வக்கீல் மாலதியின் கம்ப்யூட்டருக்குப் போயிருந்தது. நான் வெளியே வருவதற்குள் ஏழுமலை அந்தத் திரையைப் போட்டுப் பார்த்துவிட்டார்.

"காட்டிக்கினுதான் இருக்குது மேடம். என்னா, மாலதி மேடம் கம்ப்யூட்டர்ல காட்டிக்கினு இருக்குது."

பெயர் வருகிற இடம்

கோட்டக்குப்பம் ஜமீலா அக்கா ஒரு டிஸ்க்கைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். உள்ளே மகளின் நிக்காஹ் வீடியோ. வளைகுடாவில் வேலை பார்க்கும் அவர் கணவருக்கு அப்போது லீவு கிடைக்கவில்லை. இப்போதுதான் ஊருக்கு வந்திருந்தார், மனைவிக்குப் பின்னாலேயே நின்றார். வீட்டில் டிஸ்க் காட்டவில்லை. ஸ்டுடியோவிலும் நகலை அழித்துவிட்டார்களாம்.

என் கம்ப்யூட்டரிலும் மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. உள்ளே போய்ப் பார்த்தால் டிஸ்க் நன்றாகத்தான் இருக்கிறது. சி டிரைவ், டி டிரைவ் என்பது மாதிரி அதற்கென்று ஓர் எழுத்து ஒதுக்கப்படவில்லை, அவ்வளவுதான். ஓர் எழுத்தைக் கொடுத்தேன். வந்துவிட்டது. ஜமீலா அக்கா அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். சரியாக ஓடுகிறதா என்று வீடியோவைக் கொஞ்சம் ஓட்டினேன். ஓடியது. நிறுத்தப் போனேன். பின்னால் நின்ற கணவர் முன்னால் வந்து சொன்னார்:

"நிறுத்தாதம்மா. இன்னாரோட மகள்னு எம்பேரைச் சொல்ற எடம் இன்னும் வரல."

தொலைந்துபோன எதையும் நான் கண்டுபிடித்துக் கொடுத்ததில்லை. இருப்பதை இருக்கிறது என்று சொன்னதற்குத்தான் எனக்கு இத்தனை கும்பிடு.