இமயங்களை அச்சடித்த சுடலைமுத்து

நான் சொல்லப்போகும் கதையை ஒருவரும் நம்ப மாட்டீர்கள். கதிரேசன் மலை உச்சியில் ஏறி நின்று, நம்ப வேண்டாம் என்று சத்தியம் செய்யவும் நான் தயார். ஆனால் இது அச்சாபீஸ் சுடலைமுத்து அண்ணாச்சியோடு பழகியவர்களுக்காக எழுதுவது. நம்பாவிட்டாலும் கடைசிவரை படித்துவிடுவீர்கள்.

போன வாரம் காலையில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தேன். மாடசாமி ஏணியில் நின்று ஒரு பிளக்ஸைக் கட்டிக்கொண்டிருந்தான். அண்ணாச்சி அடித்த போஸ்டர்களை எல்லாம் பசை வாளியும் கையுமாக ஊர்ச் சுவர்களில் ஒட்டியவன் அவன்தான். பிளக்ஸில் அண்ணாச்சி ரோஸ் நிற முகத்தோடு, மாப்பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார்.

"என்னலே, உங்க அண்ணாச்சி எலெக்சன்ல நிக்காவளா?" என்று கேட்டேன்.

மாடசாமி கயிற்றை முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் திரும்பினான். "போயிட்டாவ மாமா. விடியக்காலம். நெஞ்சு வலின்னு சொன்னாவளாம்."

டீ ஆறிப்போயிற்று. என் வாழ்நாளில் நான் ஆறவிட்ட ஒரே டீ அதுதான்.

எங்கள் பக்கத்தில் ஒரு மனிதர் செத்தால் உடனே இரண்டு காரியம் நடக்கும். பிணத்தைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்க, நீர்மாலைக்கு ஆள் போகும். கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்க, சுடலைமுத்துவிடம் போட்டோவோடு இன்னொரு ஆள் போகும். அவருடைய மிஷின் ஓட ஆரம்பித்தால் கழுகுமலையில் பாறை உதிரும். அவர் கையில் செத்தவர்கள் எல்லாம் இமயங்கள். சீட்டாடிச் சொத்தை அழித்தவர் அணையா விளக்கு. பெண்டாட்டியை அடித்தவர் பாசமலர். கோவில்பட்டியில் சரிந்த இமயங்களை மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தால், மேகம் முட்டி மழை கொட்டி, இந்தக் கரிசலில் முப்போகம் விளைந்திருக்கும். வாசகங்களில் பாதி என்னுடையவை என்பதால் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன்.

ஒருமுறை, கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாமே என்று அவரிடம் சொல்லிப் பார்த்தேன். "செத்தவனைக் குறைச்சு எழுதக் கூடாது வேய்," என்றார். "உசுரோட இருக்கையில எல்லாவனும் குறைச்சாச்சுல்லா."

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு நாள் மாடசாமி வேலைக்கு வரவில்லை. மறுநாள் வந்து பசை காய்ச்ச உட்கார்ந்தான். அண்ணாச்சி வாயைக் கிண்டித்தான் விஷயத்தை வாங்கினார். அவன் வீடு தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், காலனியில். மனைவி காளியம்மாள் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்குபவள். தலைச்சன் பிள்ளை வயிற்றில். கால் இரண்டும் வீங்கியிருந்தன. நாள் முழுக்க உட்கார்ந்திருந்தால் வீங்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டார்கள். தலைவலி என்றாள், கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்தார்கள். கடைசியில் வலிப்பு வந்து, ஆட்டோவில் தூக்கிப்போட்டு, ரயில்வே கேட்டில் காத்து நின்று, ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தார்கள். தாய் பிழைத்தாள். பெண் குழந்தை. காலையில் பிறந்தது, பொழுது சாய்வதற்குள் போய்விட்டது. முன்னாலேயே பிரஷர் பார்த்திருந்தால் பிள்ளையும் பிழைத்திருக்கும் என்று டாக்டர் சொன்னாராம்.

காலனிக்கென்று நகராட்சியில் ஒரு நர்சம்மா இல்லாமல் இல்லை. அவரிடம் பிரஷர் பார்க்கும் கருவியும் இருந்தது. ஆனால் தினமும் காலையில் அந்தக் கருவி போனது ஊரின் பெரிய முதலாளி வீட்டுக்கு. அங்கிருந்து அவருடைய சம்பந்தி வீட்டுக்கு. அங்கிருந்து சம்பந்தியின் சிநேகிதர் வீட்டுக்கு. நகையில்லாத வெறுங்கழுத்துப் பெண்ணின் கை எப்படி இருக்கும் என்பதே அந்தக் கருவிக்குத் தெரியாது. நர்சம்மாவைக் குற்றம் சொல்ல முடியாது. மேலே இருந்து வாய்வார்த்தையாக வந்த உத்தரவு.

பச்சைப்பிள்ளை சாவுக்கு எங்கள் பக்கம் பந்தல் இல்லை, கொட்டு இல்லை. துட்டி கேட்கவும் துக்கம் விசாரிக்கவும் யாரும் வருவதில்லை. துணியில் சுற்றிக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு மறுநாள் வேலைக்குப் போய்விட வேண்டியதுதான். மாடசாமியும் அதைத்தான் செய்தான்.

"பிள்ளைக்குப் போஸ்டர் அடிப்போம்லே," என்றார் அண்ணாச்சி. மாடசாமி பயந்துபோனான். வீட்டில் கேட்டுச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனான். சில நாள் கழித்துக் காளியம்மாளே வந்தாள். உள்ளே வரச் சொன்னோம், வரவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

"அவளுக்குப் பேரு வைக்கலை. என் பேரைப் போடுங்க அண்ணாச்சி. எங்க தெருவுல இன்னும் ரெண்டு பேருக்குக் காலு வீங்கித்தான் கெடக்கு."

வாசகம் எழுதுவது வழக்கம்போல் என் பொறுப்பு. பூக்குமுன் உதிர்ந்த பொன்மலரில் தொடங்கி நட்சத்திர மண்டலம் வரை போயிருந்தேன். அண்ணாச்சி ஒரே கோடாக அடித்தார்.

"வேண்டாம் வேய். கூட்டி எழுதினா ஊரு படிச்சுட்டு டீ குடிக்கப் போயிரும். பிரஷர் பாத்திருந்தா பிள்ளை இருந்திருக்கும். அதை எழுதும்."

அதையே எழுதினேன். மேலே 'காளியம்மாள் மகள்.' போட்டோ வரவேண்டிய இடத்தில் வெறும் சட்டம். கீழே ஆழ்ந்த துயரத்தில் இருப்பவர்கள் என்று போட்டு, முதல் பெயராகப் பெரிய முதலாளியின் பெயரை, அவருடைய சகல பட்டங்களோடும் கொட்டை எழுத்தில் கோத்தார் அண்ணாச்சி. மாடசாமி முதல் போஸ்டரை முதலாளி வீட்டு எதிர்ச்சுவரில் ஒட்டினான்.

எங்கள் ஊர்க்காரர்கள் போஸ்டரை முழுக்கப் படிப்பதில்லை. கருப்புக் கட்டம் தெரிந்ததா, கீழே முதலாளி பெயர் தெரிந்ததா, போதும். துட்டி கேட்கக் கிளம்பிவிட்டார்கள். இடைசெவலிலிருந்து மோட்டார் சைக்கிள்கள், புதூரிலிருந்து லாரிகள், புதியம்புத்தூரிலிருந்து தைத்துக்கொண்டிருந்த சட்டையைப் பாதியில் விட்டுவிட்டுத் தையல்காரர்கள். வரிசை சாத்தூரைத் தாண்டியது. மாலைத் தட்டுப்பாட்டில் அன்று மதுரை வரைக்கும் சாமிகளுக்கு வெறும் கழுத்து.

துட்டி கேட்டு நீட்டிய கையைத் தொடாமல் திருப்பி அனுப்புவது குடும்பத்துக்கு ஆகாது. ஆகவே முதலாளி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நீட்டிய கைகளை எல்லாம் தொட்டார். வந்தவர்கள் சும்மா போவார்களா? யார் தவறிவிட்டார்கள் என்று கேட்டார்கள். காலனியில் ஒரு பிள்ளை என்றார். என்ன செய்தது என்று கேட்டார்கள். பிரஷர் பார்க்கவில்லையாம் என்றார். ஏன் பார்க்கவில்லை என்று கேட்டபோது, அடுத்து நீட்டிய கையைத் தொட்டார். அந்த நேரத்தில் நர்சம்மா கருவியோடு படியேறி வந்ததைப் பார்த்தவர்கள் பலர், நானும் பார்த்தேன்.

மதியத்துக்கு மேல் அச்சாபீஸ் வாசலில் முதலாளியின் கார் வந்து நின்றது.

"ஏலே சுடலை, நான் எப்பம்லே அழுதேன்?"

"அழலைன்னு இன்னொரு போஸ்டர் அடிச்சுருவமா அண்ணாச்சி?"

கார் திரும்பிப் போயிற்று. முதலாளி தனக்கென்று ஒரு கருவி வாங்கிக்கொண்டார். நர்சம்மா தண்டவாளம் தாண்டிப் போகத் தொடங்கினார். கால் வீங்கியிருந்த அந்த இரண்டு பெண்களையும் முதல் நாளே பார்த்தார். முதலாளிக்குப் பயந்து, அண்ணாச்சிக்கு வரவேண்டிய கல்யாணப் பத்திரிகைகள் எல்லாம் சிவகாசிக்குப் போய்விட்டன. பிறகு திரும்பவே இல்லை. அதற்காக அவர் கலங்காமல் இருந்தார் என்று நான் சொன்னால் மேலுலகத்திலிருந்து இறங்கி வந்து உதைப்பார். தினமும் புலம்பினார். ஆனால் அந்தப் போஸ்டருக்கு அச்சுக் கோத்த எழுத்தை மட்டும் வெகுநாள் பிரிக்காமல் வைத்திருந்தார்.

காளியம்மாள் அடுத்து உண்டானபோது மறுபடி கால் வீங்கியது. நர்சம்மா பார்த்த அன்றே திருநெல்வேலிக்கு அனுப்பினார். பிறந்த பெண் இப்போது காலேஜ் போகிறாள். கணக்கில் மட்டம், வாயில் கெட்டி. காலனியில் அதற்குப் பிறகும் பிள்ளைகள் செத்தன. அங்கே கலங்கி வரும் குடிதண்ணீர் அப்படியேதான் இருக்கிறது, ரயில்வே கேட்டும் அப்படியேதான் இருக்கிறது. வயிற்றுப் பிள்ளைக்காரிகளின் பிரஷரை மட்டும் இப்போது யாராவது வந்து பார்க்கிறார்கள்.

அண்ணாச்சியைத் தூக்கும்போது காளியம்மாள் மகளோடு வந்திருந்தாள். அச்சாபீஸில் மிச்சம் கிடந்ததிலிருந்து, போட்டோ இல்லாத அந்த வெறும் சட்டத்தை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். என் மேஜைமேல் இருக்கிறது. அவரால் எனக்கு ஒரு பழக்கமும் ஒட்டிக்கொண்டது. எந்தக் கண்ணீர் அஞ்சலியைக் கண்டாலும் இமயத்தைப் படிப்பதில்லை, தேதிகளைத்தான் பார்க்கிறேன்.

இனி நீங்கள் சாத்தூர் வரிசையைக் கழித்துக்கொள்ளலாம். புதூர் லாரிகளையும், மதுரைச் சாமிகளின் கழுத்தையும், கழுகுமலைப் பாறையையும், அந்த ஆறிய டீயையும்கூடக் கழித்துக்கொள்ளுங்கள். துட்டி கேட்க எத்தனை பேர் வந்தார்கள் என்று முதலாளி வீட்டாரைக் கேட்டால், யாருமே வரவில்லை என்பார்கள். அவர்களோடு நான் வழக்குக்குப் போகப் போவதில்லை. ஒரே ஒரு சின்னப் பகுதி மட்டும் உண்மை. அந்தப் போஸ்டரில் தோற்றத்துக்கு நேரேயும் மறைவுக்கு நேரேயும் ஒரே தேதிதான் இருந்தது.