எரிச்சலுக்குப் பெயர் வறட்சியாம்

சிவகாசியில் நான் பிழை திருத்தும் பிரஸ்ஸுக்கு, இன்று காலண்டர் வேலைக்கு நடுவில், ஒரு பெண் மருத்துவரின் நோட்டீஸ் ஆர்டர் வந்தது. தலைப்பு: பிறப்புறுப்பு வறட்சி.

மாதவிலக்கு நிற்கும் வயதில் பலருக்கும் வருமாம். எரிச்சல் இருக்கும், உறவின்போது வலிக்கும். அங்கே சோப்பு வேண்டாம், வெறும் தண்ணீர் போதும். வழுவழுப்புக்கு மருந்துக்கடையில் ஜெல் உண்டு. ரத்தம் பட்டால் டாக்டரைப் பாருங்கள்.

எனக்கு நாற்பத்தெட்டு வயது. இரண்டு வருடமாக இதே எரிச்சல். சுத்தம் போதவில்லையோ என்று தினமும் இரண்டு வேளை சோப்புப் போட்டுக் கழுவினேன். வலிக்குப் பயந்து தள்ளிப் படுத்தால், ஏதோ கோபம் என்று நினைக்கிறார் வீட்டுக்காரர்.

பைண்டிங்கில் இருக்கும் மும்தாஜ் அக்காவிடம் நோட்டீஸைக் காட்டினேன்.

"எனக்கும் இருந்துச்சு. ஒடம்புச் சூடுன்னாக. அம்புட்டு வெந்தயம் முழுங்குனேன்."

"சரியாச்சாக்கா?"

"வெந்தயந்தான் தீந்துச்சு."

"எங்கிட்ட ஏன்க்கா சொல்லல?"

"நீ சொன்னியாக்கும்?"

சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு நோட்டீஸை வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறேன். அவர் எதிரில்தான் டீ குடித்துக்கொண்டிருக்கிறார். கையில் கொடுப்பதா, டீவி மேல் வைத்துவிட்டு ஓடிவிடுவதா? கொடுத்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள், டீ ஆறுவதற்குள்.