பேச்சுவார்த்தைக்குப் போன கதாசிரியர்

ஷார்ஜாவில் நான் வேலை பார்த்த கட்டுமான நிறுவனத்தின் ஸ்டோர் மேலாளர், தன் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு பழைய புகைப்படம் வைத்திருந்தார். கறுப்புக் கோட்டு அணிந்த ஐந்தாறு பேர் ரயில் பெட்டியின் முன்னால் நிற்கிறார்கள். ஓரத்தில் நிற்கும் ஒல்லியான மனிதர் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் மேலாளரின் தாத்தா, ஆர்மீனியக் கதாசிரியர். பெய்ரூட்டில் பிறந்த ஆர்மீனியரான மேலாளரை நாங்கள் மரியாதையாக 'உஸ்தாத்', அதாவது ஆசான், என்றுதான் கூப்பிடுவோம்.

முதல் உலகப் போரின் கடைசி ஆண்டில், ஒட்டோமான் துருக்கியரின் படை ஆர்மீனியர்களின் நிலத்தை ஊர் ஊராகப் பிடித்துக்கொண்டு வந்தபோது, சமாதானம் பேசப் போன குழுவில் தாத்தாவையும் சேர்த்தார்களாம். அவருக்குத் துருக்கி மொழி தெரியும், நன்றாகவும் எழுதுவார். தங்கள் ஊர்களைப் பிடிக்காமல் விட்டுவிடும்படி கேட்டு மூன்று நாள் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினார். எதிர்த்தரப்புத் தளபதி அதைப் படித்து நடையைப் பாராட்டினாராம். வரைபடத்தில் போட்ட எல்லைக்கோட்டை மட்டும் நகர்த்தவில்லை. கோட்டுக்கு அந்தப் பக்கம் போன ஊர்களில் தாத்தாவின் அக்கா வாழ்ந்த ஊரும் ஒன்று. ஒப்பந்தத்தின் ஆர்மீனியப் படியை எழுதியதும் தாத்தாதான்.

இதை நான் வெறும் கதையாகத்தான் கேட்டிருந்தேன். இரண்டாயிரத்து ஆறோ ஏழோ, ஒரு ஜூலையில் முவைலாவில் இருந்த எங்கள் தொழிலாளர் கேம்பில் ஏசி பழுதாகி இரண்டு வாரம் யாரும் சரிசெய்யவில்லை. ஆட்கள் வேலைக்குப் போகும் பஸ்ஸில் ஏற மறுத்தார்கள். பெரம்பலூர் முருகேசன் என்னிடம் வந்தார். "அண்ணே, ஒங்களுக்குத்தான் இங்கிலீஷ் எழுத வரும். எங்களுக்காக நீங்க பேசுங்கண்ணே."

இரண்டு பக்கம் எழுதிக் கொண்டுபோனேன். நிர்வாக அதிகாரி பொறுமையாகப் படித்தார். பிறகு பதினொரு பெயர்கள் கொண்ட காகிதத்தை என் பக்கம் தள்ளினார். இவர்களுடைய விசா ரத்து, மற்றவர்கள் நாளை வேலைக்கு வர வேண்டும் என்று தமிழில் எழுதித் தரச் சொன்னார். இல்லையென்றால் கேம்பில் இருந்த நூறு பேரையும் அனுப்பிவிடுவாராம்.

உஸ்தாதிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நாம் எழுதாவிட்டால் வேறொருவன் எழுதுவான் என்றுதான் தாத்தாவும் நினைத்தார்."

"அப்புறம்?"

"அப்புறம் அவர் ஒரு கதைகூட எழுதவில்லை. கலாஸ், முடிந்தது."

எழுதிக் கொடுத்தேன். பெயர்களில் நான்காவது முருகேசன். கேம்ப் மேற்பார்வையாளர் அதை ஆட்களுக்கு வாசித்துக் காட்டியபோது நான் அங்கே போகவில்லை. விமான நிலையத்துக்குக் கிளம்பும் வேனில் ஏறும்முன் முருகேசன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க என்னண்ணே பண்ணுவீங்க. எங்களுக்காகப் போய்ப் பேசுனீங்களே, அது போதும்." அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறு வாரம் ஏசியைச் சரிசெய்தார்கள். என் கடிதத்தால்தான் நடந்தது என்று ஆட்கள் வரிசையாக வந்து கைகுலுக்கினார்கள். ஊர் திரும்பி இத்தனை வருடமாகியும், அப்போது கேம்பில் இருந்த யாராவது போன் செய்தால் அந்தக் கடிதத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். இன்னொரு காகிதத்தையும் எழுதியது நான்தான் என்று சொல்ல வாயெடுப்பேன். அதற்குள் அவர்கள் நன்றி சொல்லிவிடுகிறார்கள்.