என் மனைவி கார்டின் வேகத்தைக் கூட்டிய விதம்

செஞ்சியில் கல்யாண வீடியோ எடிட் செய்து பிழைக்கிறவன் நான். சித்திரை வந்தால் முகூர்த்தங்கள் வரிசை கட்டும். அந்த வருடம் என் கம்ப்யூட்டரின் கிராபிக்ஸ் கார்டு தளர்ந்து போயிருந்தது. ஒரு வீடியோவை முடித்துத் தர அரை நாள் இழுத்தது. பழைய கார்டையே அதன் வழக்கமான வேகத்துக்கு மேல் ஓடவைக்கலாம், அதற்கு ஓவர்கிளாக் என்று பெயர் என்று இணையத்தில் பார்த்தேன்.

பார்த்த சூட்டோடு அதற்கான சாஃப்ட்வேரை இறக்கி, வேகத்தை ஒரேயடியாக ஏற்றிவிட்டேன். சிங்கவரத்துக் கல்யாணம் ஒன்றை ஓட்டியதும் பத்தாவது நிமிடம் கம்ப்யூட்டர் பொட்டென்று அணைந்தது. மறுபடி போட்டேன், மறுபடி அணைந்தது. கார்டு போய்விட்டது என்றே முடிவு செய்தேன்.

என் மனைவி எலெக்ட்ரிகல் டிப்ளமோ படித்தவள். அனந்தபுரம் பக்கம் ஓர் எண்ணெய் மில்லில் மோட்டார்களும் ஸ்விட்ச் போர்டுகளும் அவள் பொறுப்பு. வேலை முடிந்து வந்தவள் நான் சொன்னதை முழுக்கக் கேட்டாள்.

"கார்டு மேல பழி போடாதீங்க. அதுக்குக் கரண்ட் எங்கேர்ந்து வருதுன்னு பாத்தீங்களா?"

பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினாள். கார்டுக்கு இரண்டு பவர் ஒயர் வேண்டும். எங்கள் பவர் சப்ளையில் ஒன்றுதான் இருந்தது. இன்னொன்றை, கம்ப்யூட்டர் மாட்டித் தந்தவர் ஹார்ட் டிஸ்க் ஒயரிலிருந்து ஒட்டுப்போட்டு எடுத்திருந்தார். அந்த பிளக்கின் ஓரம் கருகி இருந்தது.

"இன்னாங்க இது, இத்தினி நாளா இதுலதான் ஓடிச்சா?" என்றாள். சப்ளை பெட்டியைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு லேபிளைப் படித்தாள். "மேல நானூத்தம்பது வாட்னு போட்டிருக்குது. கார்டு எடுக்கிற பன்னெண்டு வோல்ட் லைன்ல பதினெட்டு ஆம்பியர்தான் இருக்குது. இருநூத்திப் பதினாறு வாட். வேகத்தைக் கூட்டினா கார்டுக்கே அது பத்தாது."

நான் நாலு வருடமாக வைத்திருந்த பெட்டி அது. லேபிளை ஒரு நாளும் படித்ததில்லை.

புதுச்சேரிக்குப் போய் அறுநூற்றைம்பது வாட் தரும் நல்ல சப்ளை ஒன்று வாங்கி வந்தோம். கார்டுக்கு இரண்டு தனி ஒயர்கள் கொடுத்தாள். விசிறியில் அடைந்திருந்த தூசியைப் பிரஷ்ஷால் எடுத்தாள். பிறகுதான், நான் ஏற்றியதைப் பழையபடி இறக்கிவிட்டு, வேகத்தில் கை வைத்தாள். இருபத்தைந்து மெகாஹெர்ட்ஸ் ஏற்றுவாள், அரை மணி நேரம் முழு லோடில் ஓட்டுவாள், சூட்டைக் குறித்துக்கொள்வாள், அப்புறம்தான் அடுத்தது. வோல்டேஜைத் தொடவே இல்லை. நூற்று ஐம்பதில் திரையில் பொட்டுப் பொட்டாக மின்னியது. நூறுக்கு இறங்கிவிட்டாள்.

"நூத்தி இருபத்தஞ்சு நல்லாத்தானே ஓடிச்சு?" என்றேன்.

"ஓடிச்சு. வெயில்ல சூடேறினா தாங்க அதுக்கு மேல இடமில்ல இல்ல, அதான்."

காலையில் எல்லாம் சரியாக ஓடியதும் நான் வேலையை ஆரம்பிக்கப் போனேன். அவள் விடவில்லை. இரண்டு மணிக்கு, செஞ்சிப் பாறையெல்லாம் கொதிக்கும் நேரத்தில், அறை ஃபேனை நிறுத்திவிட்டு மறுபடி ஒரு மணி நேரம் ஓட்டினாள். புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தபடி கார்டின் சூடு எண்பத்திரண்டு டிகிரிக்கு மேல் ஏறாததைப் பார்த்த பிறகே எழுந்தாள். அந்தப் பொறுமை எனக்கு இந்த ஜென்மத்தில் வராது.

சிங்கவரத்துக் கல்யாணம் அன்றே முடிந்தது. வேகம் மலைபோலக் கூடிவிடவில்லை. பத்து நிமிட வேலை ஒன்பது நிமிடமானது. ஆனால் அந்த சீசன் முழுக்க ஒரு தடவைகூட கம்ப்யூட்டர் நடுவில் அணையவில்லை. எனக்கு அதுதான் பெரிது.

மேல்மலையனூரில் ஸ்டுடியோ வைத்திருக்கும் நண்பர் போனில் எங்கள் செட்டிங்கைக் கேட்டார். போனை அவளிடம் கொடுத்தேன்.

"எங்க நம்பரை அப்படியே போடாதீங்கண்ணா. ஒரே மாடலா இருந்தாலும் ஒவ்வொரு கார்டும் ஒரு மாதிரி. ஞாயித்துக்கிழமை வர்றோம், ஓட்டிப் பாத்துக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை நான் வண்டி ஓட்டினேன், அவள் டெஸ்டரும் நோட்டுமாகப் பின்னால் உட்கார்ந்து வந்தாள். அங்கே போய் நான் செய்த வேலை டார்ச் பிடித்தது மட்டும்தான்.