சாய்தளத்தில் காய்ந்த புளி

பிரியா, சரவணா, மலையில் வாங்கிய புளியில் ஏன் இவ்வளவு மண் என்று நேற்றுச் சாப்பிடும்போது கேட்டீர்கள். எட்டாவதோடு நின்றவன் உங்கள் அப்பா, கோர்வையாக வராது. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்கு ஆலங்காயத்தில் ஷேர் ஜீப் ஏறினேன். ஆளுக்கு ஐம்பது ரூபாய். வளைவுக்கு வளைவு காற்று குளிர்ந்துகொண்டே வந்தது. ஒன்பது மணிக்கு நெல்லிவாசல்நாட்டில் ஒரு சிற்றூர். நம் கடைக்குப் புளி வாங்கி ஜீப் மேல் ஏற்றியதும் கோடை மழை பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரம்தான், ஆனால் மூட்டை நனைந்துவிட்டது. ஈரத்தோடு கட்டிவைத்தால் பூஞ்சை பிடிக்கும்.

மழை விட்டுச் சுள்ளென்று வெயில் வந்தது. ஜீப் ஓட்டும் சேட்டு என்பவர் எதிரே இருந்த ஊராட்சி அலுவலகத்தைக் காட்டினார். வாசலுக்கு நான்கு படி. பக்கத்திலேயே கைப்பிடி வைத்த வழுவழு சிமெண்ட் சாய்தளம்.

"இன்னாண்ணா யோசிக்கிற? அதுல கொட்டு. எங்க ஊரு சாமை பூரா அங்கதான் காயுது. கவர்மென்ட்டு நமக்கே கட்டிக்குடுத்த களம்!"

நானும் சிரித்துக்கொண்டே கொட்டினேன். அது யாருக்காகக் கட்டியது என்று எனக்குத் தெரியாதா? தரையில் நீல பெயின்ட்டில் சக்கர நாற்காலிப் படமே இருந்தது. அதன்மேலும் பரப்பினேன்.

பதினொன்றரை இருக்கும். சக்கர நாற்காலியைத் தானே தள்ளிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். கஞ்சி போட்ட வெளிர்மஞ்சள் புடவை. மடியில் சான்றிதழ் பை. அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வேலைக்கு அன்று ஆள் எடுத்தார்களாம்.

"அண்ணா, இதக் கொஞ்சம் வாரிக்கிறீங்களா? உள்ள கூப்புடுவாங்க."

"இரும்மா, இதோ" என்று குந்தி, தூசி ஒட்டாமல் ஒவ்வொரு பிடியாகச் சாக்கில் போட்டேன். எனக்குப் புளிதான் பெரிதாக இருந்தது.

உள்ளேயிருந்து குரல்: "வனிதா வந்தாச்சா? இல்லன்னா அடுத்த ஆளக் கூப்புடறேன்!"

"வந்துட்டேன் சார்!" என்று கத்தினாள்.

சேட்டு ஓடிவந்தார். "நாலு படிதானம்மா? நானும் அண்ணனும் அலாக்கா தூக்கி உள்ள வுட்டுர்றோம்."

"வேலை கேட்டு வர்றேண்ணா. மூட்டை மாதிரி தூக்கினு போய் எறக்காதீங்க."

சொல்லிவிட்டு நாற்காலியிலிருந்து கீழ்ப்படிக்கு நழுவினாள். முதுகைப் படிக்குக் காட்டி, கையைப் பின்னால் ஊன்றி, உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக எம்பினாள். படியெல்லாம் மிதிபட்ட செம்மண் சேறு. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு கையாலும் புளியைக் கீழே மண்ணில் தள்ளினேன். அதற்குள் அவள் மேலே போய்விட்டாள். காலி நாற்காலியை அந்தச் சாய்தளத்தில் ஏற்றிக்கொண்டு போய்க் கொடுத்தேன்.

"தேங்க்ஸ்ணா" என்றாள். புடவையின் பின்பக்கத்தைத் துடைக்கப் பார்த்தாள். சேறு இன்னும் பரவியது.

சீக்கிரமே வெளியே வந்தாள். "என்னம்மா கேட்டாங்க?" என்றேன்.

"மழையில உழுந்துட்டியான்னு கேட்டாங்க. வேற ஒண்ணும் பெருசா கேக்கல."

புளியை மண்ணோடு வாரிக் கட்டிக்கொண்டு அதே ஜீப்பில் திரும்பினேன்.

ஆலங்காயத்தில் இறங்கி நடந்தபோது, கண்ணில் பட்ட ஒரே சாய்தளத்தில் நான்கு பைக் நின்றன. நம் கடைக்கு அதுகூட இல்லை. மூன்று படி மட்டும்தான்.

இன்று மதியம், நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது, நம் கடையின் கீழ்ப்படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். காலை அசைக்காமல் கையை ஊன்றி எம்பினேன். இரண்டாவது படிக்கு மேல் எம்ப வரவில்லை. எழுந்து நின்றுவிட்டேன். என்னால் நிற்க முடியும், நின்றேன். யாராவது பார்த்தார்களா என்று தெருவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே வேட்டியின் பின்பக்கத்தைத் தட்டிவிட்டேன்.