திரி தோய்க்கும் இமெல்டா

தோய்த்து எடுக்கிறார், ஆறவிடுகிறார், மறுபடி தோய்க்கிறார். உருகிய மாட்டுக்கொழுப்பில் முப்பது தடவை முங்கினால்தான் ஒரு திரி விரல் மொத்த மெழுகுதிரியாக வரும். அவசரப்பட்டால் ஏறிய கொழுப்பும் வழிந்துவிடும். "சூடு கூடினாலும் போச்சு, குறைஞ்சாலும் போச்சு, அண்ணை" என்கிறார் இமெல்டா, என்னைப் பாராமலே.

மொன்றியல் நகரின் பழைய பகுதியில், இருநூற்றறுபது ஆண்டுகளுக்கு முன் ஒரு வியாபாரி கட்டிய கல்வீடு இன்று அருங்காட்சியகம். அதன் சமையலறையில் கம்பளிப் பாவாடையும் வெள்ளைத் தொப்பியும் அணிந்து, அக்காலத்து வேலைகளைச் செய்து காட்டுவது இமெல்டாவின் தொழில். மன்னாரில் பிறந்தவர், வயது நாற்பத்தொன்பது. கொழுப்பு வாடை தலைமுடியில் ஏறிவிடுவதால், வீடிருக்கும் கோட்-டெ-நெய்ஜ் பகுதிக்குப் போகும் பஸ்ஸில் பக்கத்து இருக்கை காலியாகவே வரும். கணவர் டெனிஸ்டன் இமெல்டாவின் ஜக்கெற்றைப் பல்கனியில்தான் தொங்கவிடுவார். கோயிலில் பீடத்து மெழுகுதிரிகளைக் கண்டால் இமெல்டா முகம் சுளிப்பார்: "மிசினிலை செய்தது."

சென்ற இலையுதிர்காலத்தில் பழைய பதிவேடு ஒன்று கிடைத்தது. அந்த வீட்டில் ஓர் அடிமைப்பெண் இருந்திருக்கிறாள். கறுப்பினத்தவள், வயது சுமார் இருபத்தெட்டு. இந்த அடுப்படியில்தான் படுத்தாள், காலுக்குச் சப்பாத்துகூடக் கொடுக்கப்படாமல். காய்ச்சலில் இங்கேயே இறந்தாள். பெயர் எழுதப்படவில்லை. அருங்காட்சியக நிர்வாகி இமெல்டாவை அழைத்து, இனி நீங்கள் அவளாக நடிக்க வேண்டும் என்றார்.

"மாட்டன் எண்டிட்டன். அவளின்ரை சாவை நான் வேஷமாப் போட ஏலாது. இமெல்டாவாய் நிண்டு அவளைப் பற்றிச் சொல்லுறன் எண்டன்."

வேலை போய்விட்டது என்றே எண்ணி, உடுப்பை மடித்து வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாராம். மூன்று நாள் கழித்துத்தான் சம்மதம் வந்தது.

ஏன் அவ்வளவு பிடிவாதம் என்று கேட்டேன். திரிகள் தொங்கிய கோலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். இருபத்திரண்டு வயதில் குவைத்தில் வீட்டுவேலை. பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். சமையலறைத் தரையில் படுக்கை.

"ரெண்டு வருசம் நாலு மாதம். மேரி எண்டுதான் கூப்பிட்டவை. என்ரை பேர் என்னவெண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. அங்கை செத்திருந்தால் மேரி எண்டுதான் எழுதியிருப்பினம்."

"இதை எழுதட்டா?"

"எழுதுங்கோ. பேரோடை எழுதுங்கோ."

அன்று பெப்ரவரி, வெளியே கணுக்கால் மூடும் பனி. சுற்றுலா வந்த ஒருவர் அந்த அடிமைப்பெண்ணின் கதையைக் கடைசிவரை கேட்டார். பிறகு பின்கதவைக் காட்டி, "இதில் பூட்டே இல்லையே. அவள் ஏன் ஓடிப்போகவில்லை?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

இமெல்டா ஏப்ரனில் கையைத் துடைத்தார். குனிந்து சப்பாத்துகளைக் கழற்றினார், காலுறைகளையும். கதவை அகலத் திறந்து, வெறுங்காலோடு பனியில் இறங்கி நின்றார்.

"போதும், மடாம்" என்றார் அந்த மனிதர். "போதும்."

இமெல்டா இன்னும் ஓரடி எடுத்து வைத்தார்.