வளர்வதற்கு விட்ட இடம்

யூசுப் பாய் தட்டச்சு செய்ய மாட்டார். எதுவானாலும் குரல் செய்திதான். மயிலாப்பூரில் அவருக்குத் தையல் கடை. அவர் குரலுக்குப் பின்னால் எப்போதும் மிஷின் ஓடிக்கொண்டிருக்கும். அன்று காலை வந்த செய்தியில் மிஷின் சத்தம் இல்லை. அவர் பேசத் தொடங்குவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

"பேட்டா, மெஹர் மவுத் ஆயிட்டா. காலைத் தொழுகை முடிஞ்சதும். ஆபீஸ்ல சொல்லிடு."

இறந்துபோனது அவருடைய தங்கை மெஹருன்னிசா. அபிராமபுரத்தில் ஒரு வீட்டின் மாடியில் இயங்கும் எங்கள் சிறுவர் பதிப்பகத்துக்காக ரேவு கதைகளை எழுதி, படமும் வரைந்தவர். நான் அங்கே பக்கங்களை வடிவமைக்கிறேன். எனக்கு அவர் மெஹர் அக்கா.

ரேவுவைத் தெரியாதவர்களுக்காக: ஆறு வயதுச் சிறுமி. "நீ சின்னப் பொண்ணு, உனக்கு ஒண்ணும் தெரியாது" என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே விரல் உயரத்துக்குச் சுருங்கிவிடுவாள். அவ்வளவுதான் கதை. மந்திரவாதி இல்லை, மருந்து இல்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த வாரம். பல்கலைக்கழகத்தை விட்டு வந்து அதிக நாள் ஆகவில்லை. ரேவு சுருங்குவதை அதிகாரத்தின் உருவகமாகத்தானே வாசிக்க வேண்டும் என்று மெஹர் அக்காவிடம் கேட்டேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"இருக்கும் கண்ணு. நல்லாத்தான் சொல்ற. ஆனா அவ சுருங்குனா அவ கவுன் இன்னா ஆவும்?"

"அதுவும் சேர்ந்து சுருங்கும்."

"கவுனை யாரும் சின்னப் பொண்ணுன்னு சொல்லலியே."

அன்றிலிருந்து எனக்கு அவர் வைத்த பெயர் 'அதிகாரம்'. மாடிப்படி ஏறும்போதே கேட்பார்: "அதிகாரம் வந்துச்சா? சாப்டுச்சா?"

ஆனால் அவர் கேட்டது வேடிக்கைக்காக அல்ல. ஆள் மாறலாம், துணி மாறக் கூடாது. இது அவருடைய விதி. தையல்காரர் வீட்டில் பிறந்து, அளவு எடுப்பதைப் பார்த்தே வளர்ந்தவர். துணி தானாகச் சுருங்கிப் பொருந்திக்கொள்ளும் கதைகளை அவர் ஏமாற்று வேலை என்பார். அதனால் ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் ரேவு தன் கவுனுக்குள்ளேயே தொலைந்துபோவாள். வெளியே வந்து, கிடைத்ததைக் கட்டிக்கொள்வாள். குழந்தை சாக்ஸின் முனை. பூக்காரம்மா கிள்ளிப்போட்ட வாழையிலைத் துண்டு. ஒரு கதை முழுக்கப் பஸ் டிக்கெட்டைப் பாவாடையாகச் சுற்றிக்கொண்டு திரிந்தாள். பழையபடி ஆக வேண்டுமென்றால், கவுன் விழுந்த இடத்துக்கே திரும்பி வந்து, உள்ளே தவழ்ந்து, கழுத்து எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துத் தலையை நுழைக்க வேண்டும்.

இன்னொரு பிடிவாதமும் உண்டு. சுருங்கிய ரேவு எந்தப் பக்கத்தில் வந்தாலும் உண்மையான அளவில் அச்சாக வேண்டும். விரல் உயரம் என்றால் விரல் உயரம். படிக்கிற குழந்தை தன் விரலைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும், அப்போது பொருந்த வேண்டும்.

இரண்டாவது புத்தகத்தில் அச்சகத்தில் யாரோ, பக்கத்துக்குப் பொருத்து என்ற பொத்தானை அழுத்திவிட்டார்கள். ஓரம் வெட்டுப்படாமல் இருக்கட்டும் என்ற நல்ல எண்ணம்தான். எல்லாம் ஒரு நூல் சுருங்கிவிட்டது. எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. குழந்தைகள் விரலை வைத்துப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். மெஹர் அக்கா சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தோம். பிரதியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனார். அடுத்த புத்தகத்தின் முதல் வரி இப்படித் தொடங்கியது: 'ரேவு போன தடவை அச்சகத்துக்குள் போய் வந்ததில் புதுத் துணி போலக் கொஞ்சம் சுருங்கிவிட்டாள். இனி சுருங்க மாட்டாள், ஒருமுறை நனைத்தாயிற்று.'

பதிப்பாளர் சுந்தரம் சார் அதைப் படித்துவிட்டு நெடுநேரம் சிரித்தார். "தப்பையும் கதைக்குள்ள தெச்சுட்டாளே" என்றார்.

மெஹர் அக்காவைப் புனிதராக்க எனக்கு விருப்பமில்லை. படங்களை எப்போதும் தாமதமாகத்தான் தருவார். என் கத்தரிக்கோலை எடுத்தால் திரும்ப வைக்க மாட்டார். தான் சொன்னதுதான் சரி என்று தெரிந்த பிறகும் விவாதத்தை நிறுத்த மாட்டார்.

ஐந்தாவது புத்தகத்தின் முடிவில் ரேவு திரும்பி வரவில்லை. கவுனைத் துவைக்க எடுத்துப் போய்விட்டார்கள். அவள் தையல் கடையில் பொத்தான் டப்பாவுக்குள் மாட்டிக்கொண்டாள். குழந்தைகள் விடவில்லை. டி.நகரில் ஒரு துணிக்கடையின் மாடிப்படியில் முன்பின் தெரியாத ஒரு பையன் அவரை நிறுத்தி, "அவளை எப்ப வெளிய எடுப்பீங்க?" என்று கேட்டானாம். அவர் அதை எங்களிடம் சொன்னபோது பெருமைப்படவில்லை. குற்றவாளியைப் போலத்தான் சொன்னார்.

ஆறாவது கதை அவருக்குத் தெளிவாக இருந்தது. டப்பாவுக்குள் ஒரு வருடம் கழிகிறது. ரேவு கவுனைக் கண்டுபிடிக்கிறாள், தலையை நுழைக்கிறாள், முழு உயரத்துக்குத் திரும்புகிறாள். ஆனால் கவுன் முட்டிக்கு மேலே நிற்கிறது. அம்மா, கீழே வளர்வதற்கென்று மடித்துத் தைத்திருந்த மடிப்பைப் பிரித்துவிடுகிறாள். கடைசிப் பக்கம் மடித்த தாளாக இருக்க வேண்டும், பிரித்தால் தரையில் நீள வேண்டும், அதில் ரேவு ஒரு ஏழு வயதுக் குழந்தையின் உண்மையான உயரத்தில் நிற்க வேண்டும்.

"அத்தனை நீளத்துக்குப் பக்கம் போட்டா அது புஸ்தகமா, ஜமக்காளமா?" என்றார் சுந்தரம் சார்.

"ஜமக்காளமா இருந்தா இன்னா சார்? பசங்க மேல படுத்துக்கினு படிக்கட்டும்."

"லைப்ரரில ஒரு வாரம் தாங்காதும்மா. கிழிச்சுடுவா."

"கிழியட்டும் சார். நாங்க தெச்சுத் தரோம்."

இந்த வழக்கு ஒரு மாதத்துக்கு மேல் நடந்தது. பிறகு ஒருநாள் போனில், "சரி விடுங்க சார். சின்னதாவே போட்டுடுங்க" என்றார்.

அவர் எதையும் விட்டுக்கொடுத்து நாங்கள் பார்த்ததில்லை. அதைக் கொண்டே எங்களுக்குப் புரிந்திருக்க வேண்டும். அவர் ஏற்கெனவே அடையாறில் இருக்கும் புற்றுநோய் மருத்துவமனைக்குப் போய் வந்துகொண்டிருந்தார். அடையாறுக்குப் போகிறேன் என்று ஒருவர் ஒரு குறிப்பிட்ட தொனியில் சொன்னால் எங்கள் ஊரில் மேற்கொண்டு யாரும் கேட்பதில்லை. அவர் அந்தத் தொனியில் சொல்லவில்லை. பஸ் கூட்டத்தைப் பற்றித்தான் சொன்னார்.

புத்தகம் வந்தது. கடைசிப் பக்கத்தில், முழு உயரத்துக்குத் திரும்பிவிட்ட ரேவு உள்ளங்கை உயரத்தில் நின்றாள். டி.நகர் நூலகமொன்றில் வாசிப்பு நடந்தது. முன்வரிசையில் இருந்த சிறுமி படத்தின் மேல் கையை வைத்துப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, இவ இன்னும் பெருசாகவே இல்ல."

"ஆயிட்டா கண்ணு. புஸ்தகம்தான் சின்னது."

"பொய்."

ஆட்டோவில் திரும்பும்போது அவர் வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தார். மந்தைவெளி வந்ததும், "அது சொன்னது கரெக்ட்தானே, அதிகாரம்? அவ வெளியவே வரல" என்றார்.

அடுத்த வாசிப்புக்கு ஒரு சுருளோடு வந்தார். யூசுப் பாயின் கடையில் அளவுக்கு வெட்டிப் பார்க்கும் பழுப்புத் தாள். அதில் ரேவு முழு உயரத்தில் நின்றாள். குழந்தைகள் வரிசையாக வந்து பக்கத்தில் படுத்துப் பார்த்தார்கள். காலடிக்குக் கீழே தாளை ஒரு சாண் உள்ளே மடித்து, கையாலேயே பெரிய தையலாகப் போட்டிருந்தார். உள்ளே என்ன என்று ஒரு பையன் கேட்டான். பிரித்துக் காட்டினார்.

"ஒண்ணுமில்லப்பா. வெறும் தாளு. வளர்றதுக்கு விட்டிருக்கு."

அந்த ஒரு தாளை வைத்துக்கொண்டுதான் கடைசி வருடத்தை ஓட்டினார். பெசன்ட் நகர், கே.கே. நகர், எங்கே கூப்பிட்டாலும் போனார். ஒரு பிரதிதான் இருந்தது. மூலைகள் நைந்துபோயின. நடுவில் ஒரு குழந்தை ஜூஸைக் கொட்டியது.

பிறகு வெளியே போக முடியாமல் ஆனது. நான் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டுக்குப் போவேன். எப்போதும் அணியும் நீலப்பூப் போட்ட சுடிதார் அவர் தோளிலிருந்து வழிந்துகொண்டிருந்தது. நான் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார்.

"பார்த்தியா? நான் சின்னதாயிட்டேன், துணி அப்படியேகீது. நான் போட்ட ரூல் கரெக்ட்டா இல்லியா?"

நான் சிரித்தேன். சிரித்தது சரியா என்று தெரியவில்லை.

யூசுப் பாய் ஒவ்வொரு வாரமும் அந்தச் சுடிதார்களைப் பக்கவாட்டில் பிடித்துத் தைத்துக் கொடுத்தார். ஒருமுறை நான் இருக்கும்போதே கத்தரிக்கோலை எடுத்தார்.

"மெஹர், உள்ள ரொம்பத் துணி நிக்குது. உறுத்தும். வெட்டிடட்டா?"

"வெட்டாத பாய். உள்ளயே மடிச்சு வை. மறுபடி வேணும்."

அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார். உள்ளே மடிப்பின் மேல் மடிப்பாகத் துணி சேர்ந்துகொண்டே போனது.

செய்தி வந்த அன்று நானும் சுந்தரம் சாரும் போனபோது, உள்ளே பெண்கள் அவரைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். யூசுப் பாய் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் அளவு டேப் தொங்கியது. அதை எடுக்க வேண்டும் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

"மேல சுத்துற துணியை நான்தான் அளந்து கிழிச்சேன் பேட்டா" என்றார். "இதுக்குத் தையல் கிடையாது. அளவு மட்டும்தான்." டேப்பின் முனையை விரலில் சுற்றியபடி, "இதுக்கும் கொஞ்சம் கூடவே விட்டுத்தான் கிழிக்கணும். தலைமாட்டுலயும் கால்மாட்டுலயும் முடிச்சுப் போட" என்றார்.

பிறகு உள்ளே கூப்பிட்டு முகத்தைக் காட்டினார்கள். வெள்ளைத் துணிக்குள் அவர் மிகச் சிறியவராக இருந்தார். துணி பொருந்தியிருந்தது. எனக்கு அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. அவர் வாழ்நாளெல்லாம் சண்டை போட்டது, சுருங்கியவருக்குப் பொருந்திக்கொள்ளும் துணியோடுதான்.

மதிய லுஹர் தொழுகைக்குப் பிறகு எடுத்துப் போனார்கள். தெருமுனையில் நின்றபோது சுந்தரம் சார் என்னைப் பார்க்காமல் பேசினார்.

"அந்தப் பக்கத்தைப் போட்டுடலாம். அடுத்த பதிப்புல. மடிச்சே போட்டுடலாம்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கிழிஞ்சாக் கிழியட்டும். போன வருஷமே சொல்லியிருக்கலாம் இல்லியா?"

சொல்லியிருக்கலாம். மெஹர் அக்காவுக்குக் கேட்டிருக்கும். படியில் கால் வைக்கும்போதே யாரையாவது வம்புக்கு இழுத்தபடி வந்து, பிரதியை வாங்கி, தரையில் விரித்து, தானே பக்கத்தில் படுத்துப் பார்த்திருப்பார். இந்த வாக்கியங்களை எழுதும்போது எல்லாமே 'இருக்கலாம்', 'இருக்கும்', 'இருப்பார்' என்று முடிவதைக் கவனிக்கிறேன். வேறு வினைமுற்று கிடைக்கவில்லை.

பழுப்புத் தாளை யூசுப் பாயிடமிருந்து வாங்கி வந்து, அலுவலகத் தரையில் விரித்துப் படம் பிடித்தோம். ஜூஸ் கறையை அழிக்கவில்லை. நேற்று அச்சகத்திலிருந்து மணி போன் செய்தார். இரண்டாவது புத்தகத்திலிருந்து எங்களுக்கு அச்சடித்துக் கொடுப்பவர் அவர்தான்.

"மேடம், சைஸ் எதையும் மாத்தல. கையை வெச்சு செக் பண்ணிட்டேன். ஆனா கீழ ஒரு சாண் வெறுமையாகீதே. படமும் இல்ல, எழுத்தும் இல்ல. வேஸ்ட்டாப் போவுது. வெட்டிடவா?"

"வேண்டாம் மணி."

"ஏதாச்சும் வருமா அதுல?"

"வராது. உள்ள மடிச்சுடுங்க."

ரேவு வெளியே வந்துவிட்டாள், மெஹர் அக்கா. முழு உயரத்தில் நிற்கிறாள். உங்களுக்குத்தான் காட்ட முடியவில்லை. கீழே நீங்கள் விட்ட இடத்தை நாங்கள் வெட்டவில்லை. போய் வாருங்கள்.